ஊன்றுகோலுக்கு ஒரு கை, கூடைக்கு ஒரு கை

கேள்வி: வணக்கம் அக்கா. செந்தூலில் அப்பா காலத்து மளிகைக் கடையை நடத்தி வருகிறேன். பக்கத்துக் கடை லாட் விலைக்கு வந்ததால் வாங்கிவிட்டோம். இரண்டும் 20 அடி அகலம். இரண்டையும் சேர்த்து, வருகிறவர்கள் தாங்களே பொருளை எடுத்துக்கொள்ளும் மினி மார்க்கெட்டாக மாற்றப் போகிறோம். எங்களிடம் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள், அவர்கள் வீட்டு அம்மாக்கள். முட்டி வலிக்காரர்கள், பக்கவாதம் வந்து தேறியவர்கள், வாக்கர் வைத்து நடப்பவர்கள் என்று பலர். கான்ட்ராக்டரின் வரைபடத்தில் 7 அடி உயர ரேக்குகள், 3 அடி வழி. இரண்டு லாட்டின் தரைக்கும் 4 அங்குல வித்தியாசம் இருப்பதால் நடுவில் ஒரு படி வைக்கலாம் என்கிறார். வாசலில் ஏற்கெனவே 6 அங்குலப் படி உண்டு. வெள்ளத்தைத் தடுக்கும், அது இருக்கட்டும் என்கிறார். "வயசானவங்க பத்து வெள்ளிக்கு வாங்குவாங்க. அவங்களுக்காகக் கடை கட்ட முடியுமா? வேணும்னா வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்பது அண்ணனின் பேச்சு. எனக்கு மனசு ஒப்பவில்லை. அதிகம் செலவில்லாமல் என்ன செய்யலாம்?
— வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்:

அன்புத் தம்பிக்கு,

கான்ட்ராக்டர் சொன்னது, அண்ணன் சொன்னது எல்லாம் கடிதத்தில் இருக்கிறது. அப்பா எப்படிக் கடை நடத்தினார் என்பது மட்டும் இல்லை. நான் அங்கிருந்து தொடங்குகிறேன்.

அந்தக் காலத்து மளிகைக் கடையில் வாங்க வந்தவர் கல்லா மேசைக்கு இந்தப் பக்கம் நின்றார், அல்லது வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். "அரை கிலோ துவரம்பருப்பு, நூறு கிராம் சீரகம்" என்று வாயால் சொன்னார். ஏறி எடுத்தது, குனிந்து எடுத்தது, நிறுத்தது, கட்டியது எல்லாம் கடைக்காரர். காசு இல்லாவிட்டால் 555 கடன் புத்தகத்தில் எழுதிக்கொண்டதும் அவர்தான். வந்தவருடைய முட்டிக்கும் தோளுக்கும் கண்ணுக்கும் வேலையே இல்லை. யாரும் திட்டம் போட்டுச் செய்யாவிட்டாலும், முதியவர்களுக்கு அதைவிட வசதியான கடை அமைப்பு இருந்ததில்லை.

இப்போது நீங்கள் செய்யப்போவது என்ன? இத்தனை நாள் உங்கள் கடைப் பையன் செய்த வேலையை 75 வயதுப் பாட்டியிடம் கொடுக்கப் போகிறீர்கள். நடப்பது, தேடுவது, எட்டுவது, குனிவது, சுமப்பது, இந்த ஐந்தும் இனி அவர் பொறுப்பு. இதில் அவருக்கு லாபமும் உண்டு. தானே பார்த்து, தொட்டு, விலையை ஒப்பிட்டு, வேண்டாம் என்றால் யாருக்கும் பதில் சொல்லாமல் திரும்ப வைத்துவிட்டுப் போகலாம். அந்தச் சுதந்திரத்தை அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஐந்து வேலைகளில் எதை அவர் உடம்பால் செய்ய முடியாதோ, அதைக் கடையின் அமைப்பு செய்ய வேண்டும். அமைப்பாலும் முடியாததை ஓர் ஆள் செய்ய வேண்டும். நீங்கள் எடுக்கப் போகும் ஒவ்வொரு முடிவையும் இந்த ஒன்றை வைத்து உரசிப் பாருங்கள்.

ஒரு காட்சி சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளருக்காகக் கடை வரைபடம் போடுவதற்கு முன்பு, அவருடைய பழைய கடையில் ஒரு காலை முழுக்கக் குறிப்பேட்டோடு நின்றேன். ஒரு பெரியவர் வந்தார். வலது கையில் ஊன்றுகோல், இடது கையில் பிளாஸ்டிக் கூடை. பட்டாணி பாக்கெட் அடித்தட்டில் இருந்தது. பார்த்தார். ஊன்றுகோல் ஒரு கையில், கூடை ஒரு கையில். பட்டாணியை எந்தக் கையால் எடுப்பது? கூடையைத் தரையில் வைத்தால் மறுபடி குனிந்து எடுக்க வேண்டும். ஊன்றுகோலை ரேக்கில் சாய்த்தார். அது வழுக்கிச் சடசடவென்று விழுந்தது. கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பையன் ஓடிவந்து எடுத்துக் கொடுத்தான். பெரியவர் "நன்றிப்பா" என்றார். பட்டாணி வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு ரொட்டியோடு கிளம்பிவிட்டார்.

என் குறிப்பேட்டில் அன்று நான் எழுதிய முக்கியமான வரி அதுதான்: கேட்கவில்லை. நம்முடைய பெரியவர்கள் பெரும்பாலும் கேட்கமாட்டார்கள். ஒருமுறை கூச்சப்பட்டால் அடுத்த வாரம் மகளிடம் பட்டியல் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மகள் வேலை முடிந்து வரும் வழியில் பேரங்காடியில் வாங்கிவிடுவாள். உங்களுக்கு ஆள் குறைந்தது தெரியும், காரணம் தெரியாது.

சரி, வாசலுக்கு வருவோம். உங்கள் கேள்வியில் எனக்கு அதிகம் கவலை தந்தது அந்த 6 அங்குலப் படிதான். சாய்தளத்துக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். கட்டுமான மொழியில் 1-க்கு 12. இதைவிடச் செங்குத்தாகப் போடக்கூடாது. இடம் இருந்தால் 1-க்கு 15 இன்னும் நல்லது. ஆகவே 6 அங்குலப் படிக்குக் குறைந்தது 6 அடி வேண்டும். அதைக் காக்கி லீமாவில் போடாதீர்கள். அது பொது நடைபாதை. அங்கே மேடு எழுப்பினால் உங்கள் கடைக்கு வருகிறவருக்கு வழி கிடைக்கும், அடுத்த கடைக்குப் போகிறவர் தடுக்கி விழுவார். மாநகராட்சி மன்றமும் உடைக்கச் சொல்லும். சாய்தளத்தைக் கடைக்குள் கொண்டு வாருங்கள். கதவு காக்கி லீமாவின் மட்டத்திலேயே இருக்கட்டும். கதவுக்கு உள்ளே ஒரு வீல்சேர் திரும்ப 5 அடி சமதரை, அதற்கப்பால் 6 அல்லது 7 அடி மெல்ல ஏறும் தரை. அகலம் 4 அடிக்குக் குறைய வேண்டாம். இரண்டு பக்கமும் கைப்பிடிக் குழாய், தரையிலிருந்து ஏறத்தாழ 3 அடி உயரத்தில், உள்ளங்கை சுற்றிப் பிடிக்கிற பருமனில். குழாய் சாய்தளம் முடிகிற இடத்தோடு நின்றுவிடாமல் இன்னும் ஓர் அடி நீளட்டும். கால் சமதரைக்கு வந்துவிட்டது என்று உறுதியான பிறகுதான் கை விடும்.

முன்பக்கத்தில் இவ்வளவு இடம் போகிறதே என்று அண்ணன் சொல்வார். சாய்தளத்தின் ஓரச் சுவரில் ஊதுபத்தி, கற்பூரம், சாம்பிராணி போன்ற எடையில்லாத சாமான்களை மாட்டலாம். அரிசி மூட்டை இறக்குகிற உங்கள் பையன்களின் தள்ளுவண்டியும் அதே வழியில்தான் ஏறும். அவர்கள் இடுப்பும் பிழைக்கும்.

வெள்ளம் பற்றிக் கான்ட்ராக்டர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. திடீர் வெள்ளம் கோலாலம்பூருக்குப் புதிதல்ல. ஆனால் ஆண்டில் சில நாள் வரும் தண்ணீருக்காக மற்ற நாளெல்லாம் மனிதர்களைத் தடுப்பது சரியில்லை. கதவின் இரு ஓரமும் அலுமினியத் தடம் பதித்து, கனமழை நேரத்தில் தடுப்புப் பலகையைச் செருகுகிற முறை இருக்கிறது. அடியில் ரப்பர் பட்டை இருந்தால் தண்ணீர் கசிவது நன்றாகக் குறையும். அதைப் போடுங்கள்.

வாசலுக்கு வெளியிலும் ஒரு பார்வை. லோங்காங் (வடிகால்) மேல் போட்ட இரும்புக் கிராதியின் இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் ஊன்றுகோலின் நுனி உள்ளே போகும், வீல்சேரின் முன்சக்கரம் மாட்டும். கம்பிகள் நடக்கும் திசைக்குக் குறுக்கே ஓட வேண்டும். பிறகு, வெங்காய மூட்டை, தேங்காய்க் குவியல், துடைப்பக் கட்டு எல்லாவற்றையும் காக்கி லீமாவிலிருந்து உள்ளே எடுங்கள். நம்மவர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான், ஆனாலும் வாக்கர் வைத்து நடப்பவரை அது வெயிலிலும் வண்டிகளுக்கு நடுவிலும் இறக்கிவிடுகிறது.

இரண்டு லாட்டுக்கு நடுவே படி வேண்டவே வேண்டாம். கடைக்குள் நடுவில் இருக்கும் ஒற்றைப் படி வாசல் படியைவிட ஆபத்தானது. வாசலில் படி இருக்கும் என்று கால் எதிர்பார்க்கும். ரேக்கைப் பார்த்துக்கொண்டே நடப்பவருக்கு நடுவில் அது தெரியாது. 4 அங்குலத்துக்கு 4 அடி போதும், 5 அடி கொடுத்தால் நிம்மதி. சாய்வு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் தரை நிறம் மாறட்டும். இன்னொன்று: லாட்டுகளுக்கு இடையில் இருப்பது பொதுச் சுவர். பழைய கடைவீடுகளில் மேல்மாடியின் எடையையே அது தாங்கிக்கொண்டிருக்கும். பொறியாளர் கையெழுத்தும் மன்றத்தின் அனுமதியும் இல்லாமல் ஒரு செங்கல்லைக்கூடத் தொடவிடாதீர்கள். அனுமதிக்குப் போகும்போதே சாய்தளத்தையும் வரைபடத்தில் காட்டிவிடுங்கள். உடற்குறையுள்ளோர் வந்துபோக வழி வேண்டும் என்று கட்டடத் துணைச் சட்டங்களின் 34ஏ பிரிவே சொல்கிறது. அளவுகளுக்கு எம்எஸ் 1184 என்ற மலேசியத் தர நெறி இருக்கிறது. உங்கள் வரைவாளரிடம் இந்த எண்ணைச் சொன்னால் போதும், புரிந்துகொள்வார்.

இப்போது ரேக். 20 அடி அகலத்தில் இரண்டு சுவரிலும் ரேக், நடுவில் இரட்டை ரேக் இரண்டு வரிசை என்று போட்டால் 3 அடி வழிதான் மிஞ்சும். காலையில் லாரி வந்து இரண்டு அட்டைப் பெட்டியை இறக்கினால் அதுவும் ஒன்றரை அடி. இரண்டு லாட்டையும் ஒரே மாதிரி நிரப்ப வேண்டாம் என்பது என் யோசனை. வாசல் இருக்கிற லாட்டை அன்றாட லாட்டாக வையுங்கள். அரிசி, பருப்பு, மாவு, எண்ணெய், சீனி, தேத்தூள், காப்பித்தூள், மைலோ, ரொட்டி, முட்டை, காய்கறி எல்லாம் அங்கேதான். அதில் நடு வரிசை ஒன்றே ஒன்று. இரண்டு பக்கமும் தாராளமாக 6 அடி வழி கிடைக்கும். இருவர் நின்று கதை பேசினாலும் மூன்றாமவர் வாக்கரோடு தாண்டலாம். பாத்திரம், பூசைச் சாமான், தீபாவளிக்கு மொத்தமாக வாங்குகிற சிப்பங்கள் இரண்டாவது லாட்டுக்குப் போகட்டும். அங்கே நெருக்கமாக அடுக்கலாம், ஆனால் 4 அடிக்குக் குறையாமல். இப்படிப் பிரித்தால் ஒரு பாட்டி வாரத் தேவையை வாங்க இரண்டாவது லாட்டுக்குள் போகவே வேண்டியதில்லை. உங்களுக்கும் ரேக் இடம் பெரிதாகக் குறையாது.

7 அடி ரேக் வேண்டாம், 5 அடி போதும். கல்லாவில் இருப்பவருக்குக் கடை முழுக்கத் தெரியும். யாராவது தள்ளாடினாலும் உடனே தெரியும். பெரியவர்கள் வாங்குகிற பொருள்கள் முட்டிக்கு மேல், தோளுக்குக் கீழ். தரையிலிருந்து 2 அடிக்கும் 4 அடிக்கும் இடைப்பட்ட தட்டுகளில் இருக்கட்டும். நிறுவனக்காரர்கள் வந்து கண் மட்டத்தில் தங்கள் பிஸ்கட்டை வைக்கச் சொல்வார்கள். இளைஞர்கள் வாங்குகிற நொறுக்குத் தீனியைக் கீழ்த்தட்டில் வையுங்கள். 10 கிலோ அரிசிப் பைக்குப் பக்கத்தில் 1 கிலோ, 2 கிலோ பொட்டலங்களும் இருக்க வேண்டும். தனியாக இருப்பவருக்கு அதுவே பல நாளைக்கு வரும், அவர் தூக்கவும் முடியும்.

கூடைக்குப் பதில் சின்னத் தள்ளுவண்டி வாங்குங்கள், பத்து இருந்தாலும் போதும். பெரியவர்கள் பலர் அதைச் சாமானுக்காக மட்டும் தள்ளுவதில்லை, அதில் ஊன்றித்தான் நடக்கிறார்கள். அதனால் மிக இலேசானது வேண்டாம், ஊன்றினால் கவிழும். கைப்பிடி இடுப்பு உயரத்தில், அடித்தளம் அகலமாக, பக்கத்தில் ஊன்றுகோல் மாட்ட ஒரு வளையம். அந்த வளையத்தை வெல்டிங் கடையில் சொல்லிச் செய்துகொள்ளலாம். நான் பார்த்த அந்தப் பெரியவருக்கு அது இருந்திருந்தால் பட்டாணியும் வாங்கியிருப்பார்.

தரைக்குப் பளபளப்பு ஓடு போடாதீர்கள். மழை நாளில் குடையிலிருந்து சொட்டும் தண்ணீர் போதும், கால் போய்விடும். மங்கலான, சொரசொரப்பு ஓடு போடுங்கள். வழுக்காத தன்மையைக் குறிக்கும் ஆர்10 அல்லது ஆர்11 தரம் என்று கேட்டால் கடையில் எடுத்துக் காட்டுவார்கள். மழை பெய்தால் வாசலில் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போடுகிற பழக்கத்தை அன்றே விட்டுவிடுங்கள். நனைந்த அட்டை ஓட்டின் மேல் சறுக்கும். தரைக்குள் பதித்த கால்மிதி போடுங்கள்.

வெளிச்சம் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. வயதாக ஆகக் கண்மணி சுருங்குகிறது, கண்ணின் வில்லை மஞ்சளாகிறது. 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, 20 வயதுக் கண்ணுக்குப் போகும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது. நடுப்பகல் வெயிலிலிருந்து உள்ளே வருகிறவருக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது. கண் பழகவும் நேரமெடுக்கும். அதனால் கதவுக்கு உள்ளே இருக்கும் சமதரையில்தான் வெளிச்சம் அதிகம் வேண்டும். விளக்குகளுக்கு மறைப்பு போட்டால் கண் கூசாது. விலைச் சீட்டில் எண் கட்டைவிரல் நகம் அளவாவது இருக்கட்டும், வெள்ளை அல்லது மஞ்சளில் கறுப்பு எழுத்து. பொருளின் பெயரைத் தமிழிலும் எழுதுங்கள். தோட்டத்துப் பள்ளியில் தமிழ் மட்டும் படித்துவிட்டு வந்த அம்மாக்கள் உங்கள் பக்கத்திலும் இருப்பார்கள்.

நாற்காலி. இதைத் தயவுசெய்து சிக்கனம் பார்க்காமல் வாங்குங்கள். சிவப்பு பிளாஸ்டிக் முக்காலியைத்தான் எல்லாரும் போடுகிறார்கள். அதில் உட்காரலாம், எழுந்திருக்க முடியாது. தொடைத் தசை தளர்ந்தவர் எழும்போது பாதத்தைப் பின்னிழுத்து, உடம்பை முன்னே சாய்த்து, கையை எதிலாவது ஊன்றி உந்துகிறார். முக்காலியில் ஊன்ற இடமில்லை. உந்தினால் அது பின்னே நழுவும். உட்காருமிடம் 18 அங்குல உயரத்தில், கைப்பிடியுள்ள, கனமான மரநாற்காலி வேண்டும். மூன்று போதும். சாய்தளம் ஏறி முடிகிற இடத்தில் ஒன்று, அன்றாட லாட்டின் நடுப்பகுதியில் ஒன்று, கல்லா பக்கத்தில் தெருவைப் பார்த்தபடி ஒன்று. கிராப் வண்டிக்குக் காத்திருப்பவர் அதில் உட்கார்ந்து பார்க்கலாம். நாற்காலி மேல் சரக்கு வைக்கக்கூடாது என்று பையன்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

கல்லா மேசையில் ஒரு பகுதியை இரண்டரை அடி உயரத்துக்கு இறக்குங்கள், வீல்சேரில் வருகிறவரின் முட்டி அடியில் நுழையும்படி. விளிம்பில் ஊன்றுகோலைச் செருக ஒரு பள்ளம் வெட்டுங்கள். காசு எண்ணும்போது, மைகாட் அடையாள அட்டையை நீட்டி அரசாங்கத்தின் சாரா உதவித்தொகையில் வாங்கும்போது, இரண்டு கையும் வேண்டும். அட்டைக் கருவியின் கம்பி நீளமாக இருந்தால் கருவியை அவர் பக்கம் தள்ளலாம். அவர் எட்டிப் பிடிக்க வேண்டாம். நெதர்லாந்தில் யூம்போ என்ற பேரங்காடி நிறுவனம் 2019-இல் ஒரு கிளையில் அவசரமில்லாதவர்களுக்கென்று பேச்சுக் கல்லா ஒன்றைத் திறந்தது. நின்று நிதானமாகப் பேசிவிட்டுப் போகலாம். வரவேற்பைப் பார்த்து மற்ற கிளைகளிலும் கொண்டு வந்தார்கள். உங்கள் அப்பா கல்லாவில் தினமும் நடந்தது அதுதானே. இறக்கிய அந்தப் பகுதியில் காலை 9 முதல் 11 மணி வரை அம்மாவோ நீங்களோ உட்காருங்கள். அதுதான் பழைய மளிகைக் கடை. எட்டாதவர், நடக்க முடியாதவர் அங்கே உட்கார்ந்து வாயால் சொல்லட்டும், பையன் எடுத்து வரட்டும். கேட்டால் செய்வோம் என்று வைக்காதீர்கள். "உட்காருங்கம்மா, என்ன வேணும்?" என்று முதலில் உங்கள் பக்கத்திலிருந்து வார்த்தை வரட்டும்.

கழிப்பறை இல்லாவிட்டால் பலர் கடைக்கே வரமாட்டார்கள். இரத்த அழுத்தத்துக்கும் வீக்கத்துக்கும் சிறுநீர் போக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் வெளியே தங்கும் நேரத்தை அதைக் கொண்டே கணக்கிடுகிறார். பின்பக்கம் இருக்கும் கழிப்பறையில் உட்காரும் பீங்கானும், பக்கச் சுவரில் ஒரு பிடிக் கம்பியும், வெளிப்பக்கம் திறக்கும் கதவும் போதும். உள்ளே ஒருவர் விழுந்தாலும் கதவைத் திறக்க முடிய வேண்டும்.

அண்ணனுக்கு என்ன சொல்வது? வீட்டுக்கு அனுப்புவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைக்கு வருவதற்கு அதை மாற்றாக்க வேண்டாம் என்கிறேன். ஓய்வு பெற்ற ஒருவருக்குச் சட்டை மாற்றி, தலை வாரி, வெளியே கிளம்ப ஒரு காரணம் உங்கள் கடை. அவர் வந்து பார்த்து வாங்கட்டும். அரிசியையும் எண்ணெயையும் மட்டும் நீங்கள் கொண்டுபோய்க் கொடுங்கள். பத்து வெள்ளிக் கணக்குக்கும் பதில் இருக்கிறது. அவர் வாரத்துக்கு மூன்று நாள் வருகிறார், தீபாவளிக்கு அவர் சொல்கிற கடையில்தான் குடும்பமே வாங்குகிறது. 2030-இல் நாட்டு மக்களில் 15 விழுக்காட்டினர் 60 வயதைத் தாண்டியிருப்பார்கள் என்பது அரசாங்கக் கணிப்பு. அண்ணனும் நீங்களும்கூட அந்த வயதை நோக்கித்தான் போகிறீர்கள்.

கான்ட்ராக்டருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்யுங்கள். காலியாக இருக்கும் புது லாட்டில் சுண்ணக்கட்டியால் ரேக்குகளைத் தரையில் வரையுங்கள். காலி அட்டைப் பெட்டிகளை ரேக் உயரத்துக்கு அடுக்குங்கள். வாக்கர் வைத்திருக்கும் ஓர் அம்மா, ஊன்றுகோல்காரர் ஒருவர், பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவர் ஒருவர், மூவரையும் தேத்தண்ணிக்கு அழைத்து, பட்டியல் கொடுத்து நடக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒன்றும் விளக்காதீர்கள், உதவவும் வேண்டாம். ஆனால் விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் நில்லுங்கள். எங்கே நிற்கிறார்கள், எதைப் பிடிக்கிறார்கள், எதை எடுக்காமல் விடுகிறார்கள் என்று எழுதுங்கள். பெட்டிகளை அங்கேயே நகர்த்தி, மறுபடி நடக்கச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பையும் கான்ட்ராக்டரின் வரைபடத்தையும் எனக்கு அனுப்பினால், அளவுகளைத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா